உன் வசதி எப்படியோ

ஜனவரி 9

அன்புள்ள உனக்கு,

நலம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உன் அக்கா வீட்டிலிருந்து போனில் சொன்னாய். நான் "ம்" என்றேன். உடனே காதுக் கருவி விசிலடித்தது. நீ சிரித்தாய், லைன் போய்விட்டது. உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. அதனால் கிளம்பும்போது நீ சொன்ன ஏற்பாடே சரி. முக்கியமானதைக் கடிதத்தில் எழுதிக்கொள்வோம். போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பது மட்டும் போதும்.

இங்கே காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். மார்ச் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். விசாவும் வந்துவிட்டது. அதில் என்னை 'உடன் வரும் துணை' என்று போட்டிருக்கிறார்கள். ரிடையராகிப் பல வருஷம் கழித்துக் கிடைத்த பதவி உயர்வு.

முன்னறையில் இரண்டு பெட்டிகளும் திறந்து கிடக்கின்றன. காலையில் ஒரு பொருளை உள்ளே வைக்கிறேன், சாயங்காலம் வெளியே எடுக்கிறேன். கம்பளிச் சட்டை வேண்டுமா? உங்கள் ஊரில் அப்படியொன்றும் குளிராது என்று சொல்லியிருக்கிறாய். ஆனால் நீ அங்கேயே பிறந்தவள். இந்த விஷயத்தில் உன் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

மாடி வீட்டு டிராயிங் மாஸ்டர் தினமும் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறார். "என்ன சார், புகுந்த வீட்டுக்குக் கிளம்பறீங்க, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி காணோம்" என்றார் நேற்று. "அன்னிக்கு அவங்க ஒத்தப் பெட்டியோட இங்க வந்தாங்க, இன்னிக்கு உங்க முறை. ஆனா மாமியார் இல்லாத வீடு. மச்சக்காரர் சார் நீங்க." நானும் சிரித்தேன். அவர் மாடியேறிப் போன பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

அக்கா விழுந்த செய்தி வந்ததும், "இனிமே எங்க ஊர்லயே இருக்கணும்னு தோணுது, நீங்களும் வர்றீங்களா" என்று கேட்டாய். சரி என்றேன். அது சரிதான், மாற்றமில்லை. ஆனால் என் முழங்காலைப் பற்றி யோசிக்கிறேன். அக்காவை நடக்க வைக்கப் போனவளிடம் நானும் ஒரு நோயாளியாக வந்து உட்காருவது நியாயமா? நான் இரண்டு மாதம் தள்ளி வருவது உனக்கு உதவி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் வசதி எப்படியோ அப்படி.

உன் நலமே விரும்பும்,
நான்தான்


ஜனவரி 27

அன்புள்ள இன்ஸ்பெக்டர் சாருக்கு,

உங்க கடிதம் வந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எழுத்துத் தமிழ் எனக்கு வரல, பேசற மாதிரியே எழுதறேன். சிவப்பு மையைத் தேடாம படிங்க.

அக்கா கோல் ஊனிக்கிட்டு சமையலறை வரைக்கும் வர்றா. நாலு மாடி இறங்கறது நடக்காது. உங்க ஊர் ஆஸ்பத்திரியில எக்ஸர்சைஸ் சொல்லிக் கொடுத்து எத்தனை பேரை அதட்டி நடக்க வெச்சிருக்கேன், இவகிட்ட என் பருப்பு வேகல. "நீ சின்னவ, வாயை மூடு"ங்கறா. இந்தச் சின்னவளுக்கு வயசு அறுபத்தஞ்சு.

போன வாரம் நான் படிச்ச பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனேன். அந்தத் தெரு எனக்குக் கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலும் தெரியும்னு உங்ககிட்ட பீத்திக்குவேனே. கண்ணைத் திறந்துகிட்டு நடந்தும் கண்டுபிடிக்க முடியல. கால் வலிச்சுது, ஒரு ரொட்டிக் கடையில நின்னு வழி கேட்டேன். கல்லாவுல இருந்த பொண்ணு வழி சொல்லிட்டு, "எங்க பாஷையை இவ்வளவு நல்லா பேசறீங்களே, நீங்க எந்த நாடு"ன்னு கேட்டா. கத்துக்கிட்டேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்காகிட்ட சொல்லல, சிரிப்பா.

வீடு ரெண்டு பாத்திருக்கேன். ஒண்ணு பஸ் டிப்போ பின்னாடி, தரைத்தளம், ரெண்டு அறை, உங்க முழங்காலுக்குத் தோது. ஆனா அக்கா வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும். இன்னொண்ணு அக்கா வீட்டுக்கு எதிர்லயே. ஒத்தை அறை, மூணாவது மாடி. எதை எடுக்கட்டும்? ரெண்டு மாசம் தள்ளி வர்றதா எழுதியிருக்கீங்க. உங்களுக்கு அதுதான் சௌகரியம்னா சரி.

கம்பளிச் சட்டை எடுத்துக்கங்க.

உங்கள்,
எக்ஸர்சைஸ் அம்மா


பிப்ரவரி 14

அன்புள்ள உனக்கு,

ரொட்டிக் கடைப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு உடனே பேனாவை எடுத்தேன். ஆறுதலாக ஒரு பாரா எழுதினேன். ஆறுதல் உனக்கு வேண்டுமா, நீ அதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதினாயா என்று சந்தேகம் வந்தது. அடித்துவிட்டேன். மேலே மை திட்டாக இருப்பது அதுதான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எடை அளவு இலாகாவில் இன்ஸ்பெக்டராக, தராசுகளுக்கு முத்திரை குத்தியே காலம் கழித்தவன் நான், இரண்டில் ஒன்றைச் சொல்ல ஏன் இத்தனை தடுமாற்றம் என்று தெரியவில்லை. டிப்போ வீடு என் முழங்காலுக்கு நல்லது, உன் அக்காவுக்கு நல்லதல்ல. எதிர்வீடு அக்காவுக்கு நல்லது. இதில் அதிகம் அலைபவள் நீ. ஆகவே என்னை மனதில் வைத்து இரண்டறை வீடு எடுக்க வேண்டாம். உனக்கு எது தோதோ அதை எடு. நான் எதிலும் ஒடுங்கிக்கொள்வேன், அது உனக்கே தெரியும்.

நான் தள்ளி வருவது பற்றி நீ 'சரி' என்று எழுதியிருக்கிறாய். சரி.

பெட்டிகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. கம்பளிச் சட்டை உள்ளே போய்விட்டது. அந்த ஒன்றில் குழப்பமில்லை.

உன் நலமே விரும்பும்,
நான்தான்


மார்ச் 3

அன்புள்ள இன்ஸ்பெக்டர் சாருக்கு,

நீங்க சொன்னபடியே எதிர்வீட்டு ஒத்தை அறையை எடுத்துட்டேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் அகலம்தான். எனக்குப் போதும்.

அக்கா இப்ப ஒரு மாடி இறங்கி ஏறறா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் என்னைப் பாத்து, "உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்"னு கேட்டார். எழுதுவார்னு சொன்னேன்.

முழங்காலுக்கு நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்யறீங்களா? செய்யறேன்னு எழுதாதீங்க, செய்யுங்க.

உங்கள்,
எ. அம்மா


மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் இந்த முறை சிறியதாக இருந்தது. வேலை அதிகம் போலிருக்கிறது.

'ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. சாமான்களைத்தான் சொல்கிறாய் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. வேறு எதையோ சொல்கிறாய் என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. டிராயிங் மாஸ்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஒத்தை நாற்காலின்னா சார், இன்னொருத்தருக்கு அங்க இடமில்லைன்னு அர்த்தம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாற்காலி எந்தக் கடையிலயும் கிடைக்கும் சார், அதை விடுங்க" என்றார். விட முடியவில்லை.

யோசித்துப் பார்த்ததில், நீ இப்போது உன் ஊரில், உன் அக்காவோடு, உன் பாஷையில் இருக்கிறாய். இத்தனை வருஷம் எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தாய், தனியாக இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதில் தவறில்லை. அதை நேரே சொல்ல உனக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்தச் சங்கடத்தை உனக்குக் கொடுக்க நான் விரும்பவில்லை.

ஆகவே வீட்டுக்காரரிடம் போய், காலி செய்யவில்லை, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அங்கே ஒத்துவராமல் போனால் திரும்பி வர ஓர் இடம் இருக்கட்டும் என்ற எண்ணமும் இதில் உண்டு. பெட்டிகளை மூடிப் பரணில் போட்டாகிவிட்டது. மாஸ்டர்தான் தூக்கிக் கொடுத்தார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. முழங்கால் பயிற்சியைச் செய்கிறேன். உன் வசதி எப்படியோ அப்படியே நடக்கட்டும்.

உன் நலமே விரும்பும்,
நான்தான்


ஏப்ரல் 6

இன்ஸ்பெக்டர் சாருக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சதும் போனை எடுத்தேன். "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். நல்லா திட்டணும்னா எனக்கு இன்னும் தமிழ்லதான் வருது, அந்த நேரம் பாத்து அதுவும் வரல.

நீங்க தள்ளி வர்றேன்னு எழுதினீங்க, வர மனசில்லைன்னு நினைச்சேன். ரெண்டறை வேண்டாம்னு எழுதினீங்க, அப்ப வரவே போறதில்லைன்னு நினைச்சேன். சரி, மனுஷரை இழுக்கக் கூடாது, அவர் ஊர் அவருக்குன்னு ஒத்தை அறையை எடுத்தேன். அதைப் பாத்து நீங்க பெட்டியைப் பரண்ல போட்டுட்டீங்க. நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டே ரெண்டு நாட்டுல போய் நின்னுட்டோம்.

கல்யாணம் பேசின காலத்துல எனக்கு இங்கிலீஷ்ல ஒரு நீளக் கடிதம் போட்டீங்க. உங்க ஊர் வெயில், தண்ணி, ஆஸ்பத்திரி வேலைக்கு எங்க எழுதிப் போடணும், எல்லாம் இருந்தது. 'வா'ன்னு மட்டும் இல்ல. அந்த வார்த்தையை நானே போட்டுப் படிச்சுக்கிட்டு வந்தேன். அப்ப வயசு இருந்தது.

கடையில தராசைச் சோதிக்கும்போது முதல்ல வெறும் தட்டு ரெண்டும் சமமா நிக்குதான்னு பாப்பீங்கன்னு சொல்லியிருக்கீங்க. நம்ம வீட்டுல அந்தச் சோதனைதான் நடந்துகிட்டே இருக்கு. சமமாத்தான் நிக்குது. ஒண்ணும் நிறுக்கல.

நானும் யோக்கியம் இல்ல. வாங்கன்னு நான் எழுதியிருக்கலாம். இங்க வந்து, முதல் ரெண்டு வருஷம் நான் உங்க ஊர்க் கடையில ஊமையா நின்ன மாதிரி நீங்க நின்னா, அதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமேன்னு பயம். நான் கூப்பிட்டு நீங்க வந்தா அந்தப் பழி என் மேல. தானா வந்தா இல்ல. அவ்வளவுதான் என் நல்ல மனசு.

உங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க. என் வசதியை எழுதாதீங்க, அதை நான் பாத்துக்கறேன். அப்படி எழுத முடியலேன்னா பதில் போட வேண்டாம். புரிஞ்சுக்கறேன், கோபமும் இல்ல. நான் இங்கயே இருந்துக்கறேன்.

கையெழுத்து உங்களுக்குத் தெரியும்.


ஏப்ரல் 25

அன்புள்ள உனக்கு,

பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் கடைசியில் அந்த ஒரு வரி தானாக வந்து நின்றுவிடுகிறது. கை பழகிவிட்டது. இந்தத் தாளில் அது வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று நேராக உட்கார்ந்து யோசித்தேன். முதலில் வந்த பதில் எனக்கே பிடிக்கவில்லை. நீ இங்கே திரும்பி வர வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும். நீ கேட்ட அன்றைக்கு 'சரி' என்று சொன்னபோதும் உள்ளுக்குள் அதுதான் இருந்தது. சொன்னால் நீ போகாமல் இருந்துவிடுவாய், அது அநியாயம் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்.

நீ வர மாட்டாய் என்று தெரியும். பள்ளிக்கூடத் தெரு கிடைக்கவில்லை, கடைக்காரப் பெண் உன்னை வெளிநாட்டுக்காரி என்கிறாள், அப்படியும் உன் கடிதத்தில் ஓர் இடத்திலாவது திரும்பலாம் என்ற பேச்சு இல்லை. அப்படியானால் எனக்கு அடுத்ததாக வேண்டியது நீ இருக்கும் இடத்தில் இருப்பது. உன் ஊர் எனக்குப் பிடிக்குமா என்று தெரியாது. பிடிக்காது என்றுதான் தோன்றுகிறது. விரலால் காட்டிக் காட்டிச் சாமான் வாங்குவதை நினைத்தால் இப்போதே வியர்க்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போக உனக்கு வெட்கமாக இருக்குமோ என்றும் பயம். பயம் தெளிந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் நான் கிளம்பவே மாட்டேன்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். ஜூன் முதல் வாரம். மாற்ற முடியாத டிக்கெட்டாகக் கேட்டு வாங்கினேன், எனக்கு என்னைத் தெரியும். வீட்டுக்காரரிடம் மறுபடி போய்க் காலி செய்கிறேன் என்றேன். "சார், உங்களால 'வீடு வாடகைக்கு' போர்டை மாட்டி, கழட்டி, மறுபடியும் மாட்டறேன். போறீங்களா இருக்கீங்களா, ஒண்ணு சொல்லுங்க" என்றார். போகிறேன் என்றேன். மாஸ்டர் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். "இனிமே மேல ஏத்தச் சொன்னா கூலி கேப்பேன்" என்றார். கொஞ்சநேரம் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஒற்றை அறை எனக்கு வேண்டாம். நான் எதிலும் ஒடுங்கிக்கொள்வேன் என்று எழுதியது பொய். ஆஸ்பத்திரிக் கட்டில் அகலத்தில் இரண்டு பேர் படுக்க முடியாது. பெரிய கட்டிலாகப் பார்.

எழுத ஆரம்பித்தால் நிற்கமாட்டேன் என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து ஜன்னலோரம் நீதான் படுக்கிறாய். உனக்குக் காற்று வேண்டுமே என்று நான் சுவரோரம் போய்விட்டேன். எனக்கும் காற்று வேண்டும். இனிமேல் ஜன்னலோரம் எனக்கு.

இதை மறுபடி படித்துப் பார்க்காமல் ஒட்டப் போகிறேன்.

வருகிறேன்.
நான்தான்


மே 12

அன்புள்ள இன்ஸ்பெக்டர் சாருக்கு,

ஜன்னலோரம் தர முடியாது.

நான் திரும்பி வரணும்னு எழுதின பாராவுக்குக் கோபப்பட்டேன். ரெண்டு நாள் நல்லா கோபப்பட்டேன். அப்புறம் அதையேதான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அக்காவுக்கு எங்க பாஷையில மொத்தக் கடிதத்தையும் சொன்னேன். "அந்த ஆளுக்கு வாய் இருக்கா"ன்னு கேட்டா. இப்பத்தான் முளைச்சிருக்குன்னு சொன்னேன்.

டிப்போ வீடு போயிடுச்சு. அக்கா கட்டடத்துலயே தரைத்தளத்துல ரெண்டு அறை கிடைச்சிருக்கு. வெளிச்சம் கம்மி, குழாய் ஒழுகுது. உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கல.

பெரிய கட்டில் வாங்கிட்டேன். கொண்டாந்து பாத்தா கதவுல நுழையல. பிரிச்சாத்தான் உள்ள போகும், எவனோ முறுக்கின முறுக்குல ஒரு திருகும் கழல மாட்டேங்குது. இப்ப நடையில நிமித்தி சாத்தி வெச்சிருக்கு. போறவங்க வர்றவங்க எல்லாம் முட்டிக்கிட்டு என்னைத் திட்டறாங்க. ஜூன் வரைக்கும் திட்டு வாங்கிக்கறேன்.

திருப்புளி எடுத்துக்கிட்டு வந்து ஒரு பக்கம் பிடிங்க.

உங்கள்,
எக்ஸர்சைஸ் அம்மா