இடித்துப் பார்த்த முழங்கை

மட்டாஞ்சேரி,
ஞாயிறு.

அம்ருதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஓகேம்மா என்பாய், ஆகவே கேட்கவில்லை. கையைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மெதுவாகப் படி. மலையாளத்தில் எழுதலாம், அதில் எனக்குக் கெஞ்ச வராது.

மழை பிடித்துவிட்டது. பஜார் ரோட்டில் சுக்கு மூட்டைகள்மேல் தார்ப்பாய். மாடிப்படியில் பாசி, அப்பா வெறுங்காலோடு இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. நீ அவர் பெண்தானே.

உன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எர்ணாகுளத்தில் ஒரு கை டாக்டரைப் பார்த்தோம். ரிப்போர்ட்டுக்கா ஆபரேஷன் செய்ய முடியும், மோளெ கொண்டு வரூ, பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்கவில்லை. நீ பாறை ஏறும்போது விழுந்து உடைந்த எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் முழங்கையின் உள்பக்கம் நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, கடைசி இரண்டு விரலுக்கும் கட்டைவிரல் பக்கத்துச் சதைக்கும் போவது அதுதான், சதை குழிய ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட்டால் பின்னால் ஆபரேஷன் செய்தாலும் பலம் திரும்பாமல் போகலாம் என்றார். நீ எங்களிடம் சொன்னது வெறும் மரத்துப்போதல். போன ஓணத்துக்கு வந்தபோது கோயிலில் தீர்த்தம் உன் உள்ளங்கையில் நிற்காமல் ஒழுகியது. சுண்டுவிரல் சேராமல் தனியே நின்றது. மேல்சாந்தி இன்னொரு தடவை விட்டார். ஜெர்மனி போய்க் கை குவிக்கவும் மறந்தாச்சா என்று அப்பா கேலி செய்தார். நீயும் சிரித்தாய்.

டாக்டரிடமிருந்து வந்ததும் அப்பா கதவு நிலையில் முழங்கையை வேண்டுமென்றே இடித்துக்கொண்டார். என்ன பண்றேள் என்றேன். சுர்ரென்று சுண்டுவிரல்வரை ஓடியதாம். விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு உடனே போயிடறதே, அவளுக்கு ஏன் போகலை என்றார். மறுபடி இடித்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருடையதைத்தான் பிடிக்க முடிந்தது.

ஜூலையில் மலைக்குப் போய் வந்த பிறகுதான் ஆபரேஷன் என்று தள்ளி வைத்திருக்கிறாயாம். உன்னோடு தங்கியிருக்கும் மகா சொன்னாள், ரிப்போர்ட்டை அனுப்பியதும் அவள்தான், அவளைக் கோபிக்காதே. ஏறாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உச்சியில் நிற்கும்போது உனக்கு இருக்கிற முகத்தை இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கையை நம்பித்தானே தொங்கப் போகிறாய். இங்கே உட்கார்ந்து நான் எதைப் பிடிப்பது.

எதுவானாலும் நீயே சொல்லு. ஆபரேஷன் என்றால் அப்பா விசாவுக்கு அலைவார், அவருக்கும் செய்ய ஒன்று கிடைக்கும். மலை என்றால் ஏறுவதற்கு முன்பே சொல்லு. இறங்கிய பிறகு போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே பயப்படுகிறேன், அவ்வளவுதான்.

எங்கே இருந்தாலும் நன்றாயிரு, கோந்தே, என் குழந்தே. பகவான் கூடவே இருக்கட்டும். தூங்கும்போது முழங்கை மடங்கக் கூடாதாம், ஒரு டவலைச் சுற்றிக் கட்டிக்கொள். கட்டிவிட மகாவைக் கூப்பிட மாட்டாய், ஒரு முனையைப் பல்லால் பிடித்துக்கொள்.

உன் அம்மா,
சீதாலக்ஷ்மி