ஓட்டை இல்லாத படகு

இன்று காலை உன் படகை ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். வளவுக்குள்ளிருந்து டொக், டொக் என்று ஒரே அளவான சத்தம் வந்தது. என் கை தானாக அடுப்பை நிறுத்தியது. ஒரு தட்டலாவது மங்கலாகக் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடி நின்றேன். கேட்கவில்லை. உன் படகின் உடம்பில் அன்றும் குறை இருக்கவில்லை, இன்றும் இல்லை.

வந்தவர் முல்லைத்தீவுக்குத் திரும்பிவந்து கடை நடத்தும் ஒரு முஸ்லிம் நானா. நாயாற்றுக் களப்பில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓட்டப்போகிறாராம். புதுப் பாய்மரம் ஒன்றுக்கு ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். மற்றதெல்லாம் இருக்கிறபடியே போதும் என்றார். சுத்தியலை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். எங்கள் கரையில் பழைய வள்ளம் வாங்கப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். பெயின்ற் எவ்வளவு புதிதாக இருந்தாலும், துப்பாக்கிச் சன்னம் துளைத்து ஒட்டுப்போட்ட இடம் தட்டினால் வேறு சத்தம் போடும். அதை முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.

நாம் ஏறிய வள்ளத்தை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை. போர் முடியப்போன அந்தச் சித்திரை மாதத்தில், நிலம் முடிந்து கடல் மட்டும் மிச்சமிருந்த இடத்தில், பதினேழு பேர் அதில் ஏறினோம். உன் கணவர் எஞ்சினைப் பிடித்தார். எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்த எஞ்சின் சத்தம்தான். விடிந்து வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சூடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் தப்பியவர்களுக்குள்ளேயே ஒரே கதை இல்லை. பார்க்காததை நான் சொல்லமாட்டேன். பார்த்தது இவ்வளவுதான். வள்ளத்தின் பக்கம் பிளந்து, பைபர் துகள் ஊசி ஊசியாக முகத்தில் ஏறியது. எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் தாடை இல்லாமல் போனது. அதற்குப் பிறகும் அவள் கொஞ்ச நேரம் நிமிர்ந்தே இருந்தாள். உன் கணவர் எஞ்சின் மேல் கவிழ்ந்தார். ஓட்டைகளால் கடல் உள்ளே பீறியது. கையை வைத்தோம், முழங்காலை வைத்தோம், சேலையைக் கிழித்து அடைத்தோம். தண்ணீர் எங்கள் கால்களுக்கிடையில் சிவப்பாக அலைந்தது. பாரம் குறைக்காவிட்டால் எல்லாரும் போய்விடுவோம் என்று முன்பக்கமிருந்து ஒருவர் கத்தினார். செத்தவர்களைக் கடலில் இறக்கச் சொன்னார்.

நான் உன் கணவரின் கழுத்தில் இரண்டு விரலை வைத்திருந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள் நாம். எதையும் இலேசில் ஒப்புக்கொள்ளாதவள் என்று என்னை அறிந்தவள் நீ. உயிர் இல்லை என்று சரியாகப் பார்த்தேனா என்று கேட்டாய்.

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம், பாத்தனான்."

தலைப்பக்கத்தை நீ பிடித்தாய், காலை நான் பிடித்தேன். அவருடைய ஒரு செருப்பு என் கையில் கழன்று வந்தது. எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வள்ளம் முழுவதும் அதிர்ந்தது, என் விரலும் அதிர்ந்தது. என் விரலுக்குக் கீழே துடித்தது எஞ்சினா வேறொன்றா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நீ பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நாம் தப்பிக் கரைசேர்ந்து நீ நோர்வேக்குப் போனபின், அங்கிருந்து வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசினாய். பனியைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, அங்கே ஒரு கிழவனாரின் பாய்ப்படகில் கயிறு இழுக்கப் பழகுவதைப் பற்றியெல்லாம் பேசினாய். அந்த ஓர் ஓம் மட்டும் நமக்கு நடுவில் அப்படியே கிடந்தது.

திரும்பிவந்தபோது உனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. எஞ்சின் இல்லாத ஒரு படகு. அதில் அவரை விட்ட இடத்துக்குச் சத்தமில்லாமல் போய், கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். கடலில் இடம் என்று ஒன்று இல்லை, நீரோட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். "அம்மன் கோயிலில உப்புத்தண்ணியில விளக்கெரியிற ஊருக்குப் பக்கத்தில பிறந்தும் ஒண்டையும் நம்பாத ஒரே மனிசி நீதானடி" என்றாய். அந்த வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு முன் படகு கரைக்கு வந்துவிடவேண்டும் என்று நாளும் குறித்தாய். நான் வழக்கம்போல உனக்குப் பின்னால் வந்தேன்.

திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்கவிருந்த பாய்ப்படகைப் பார்க்கப் போன நாளை நினைத்தால் எனக்கு முதலில் உன் கைதான் ஞாபகம் வருகிறது. நீ விலை கேட்கவில்லை. பாயை விரித்துக் காட்டு என்று சொல்லவில்லை. பையிலிருந்து சுத்தியலை எடுத்தாய். உள்ளே இறங்கிப் பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தட்டத் தொடங்கினாய். முதலில் மெதுவாகத் தட்டினாய். பிறகு அடித்தாய். பிறகு, அந்தப் படகு உனக்கு ஏதோ செய்துவிட்டது போல, இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தாய். பெயின்ற் செதில் செதிலாகத் தெறித்தது. கிழவர் பயந்துபோய் உன் மணிக்கட்டைப் பிடித்தார். நீ அவரை உதறித் தள்ளியதில் அவர் ஏணியில் போய் மோதினார். அதற்கும் நீ நிறுத்தவில்லை.

சன்னம் துளைத்து ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடினாய். உலகத்தின் பாதிக் கடலைச் சுற்றிவந்த, ஒரு சண்டையையும் கண்டிராத படகில் சன்னத்தைத் தேடினாய். நோர்வேயில் பாய்ப்படகைப் பற்றிப் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் உன்னை விட்டுப் போயிருந்தது. எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. படகு என்றால் அதன் உடம்பு, உடம்பு என்றால் ஓட்டை. நம் இரண்டு பேருக்கும் அதற்கு அப்பால் ஒரு படகு இருக்கவில்லை.

கிழவர் குறை மறைக்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்கவேண்டும். முழங்கையைத் தடவிக்கொண்டே மேலே கையைக் காட்டி, பாய்மரத்தை இழுத்துப்பிடிக்கும் கம்பிவடங்கள் பழையவை, அவற்றைப் பாருங்கள் என்றார். நீ கீழே இருந்தபடி என்னைப் பார்க்கச் சொன்னாய். நான் தளத்தில் நடந்துபோய், இடப்பக்கத்துக் கம்பி வந்து சேரும் இரும்புத் தகட்டில் விரலை வைத்தேன். தேத்தண்ணிக் கறைபோல ஒரு கபிலக் கோடு வழிந்திருந்தது. கோட்டின் தலைப்பில், மயிர் ஒன்று ஒட்டியிருப்பதுபோல மெல்லிய ஏதோ ஒன்று. நகத்தால் சுரண்டினேன். மயிர் வரவில்லை. இரும்பில் வெடிப்பா என்று குனிந்து பார்ப்பதற்குள் நீ கீழேயிருந்து சத்தம் போட்டாய்.

"ஒரு ஓட்டையும் இல்லையடி. ஒண்டுமே இல்லை." நீ அழுதுகொண்டு சிரித்தாய். அந்தச் சித்திரைக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. பிறகு கேட்டாய். "மேல வடிவாப் பாத்தனியோ?"

உயர்தர வகுப்புக்கு இருபது வருடமாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள் நான். ஒரு கம்பியில் இழுவை எங்கே கூடும், உலோகம் எங்கே முதலில் விட்டுக்கொடுக்கும் என்று கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள். பிள்ளைகள் சொல்கிற ஒவ்வொரு விடைக்கும் எப்படித் தெரியும் என்று கேட்கிறவள். அந்தத் தகட்டில் விரலை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "ஓம், பாத்தனான்."

படகை வாங்கி, ஒரு விடியற்காலையில் நாம் இரண்டு பேரும் அதில் திருகோணமலையிலிருந்து ஊருக்கு வெளிக்கிட்டோம். படகிலிருந்த சின்ன எஞ்சினையும் நீ கழற்றிக் கரையில் விட்டிருந்தாய். மத்தியானம் வரை சத்தமே இல்லை. நீ பாட்டுக்கூடப் பாடவில்லை. கொக்கிளாய்க்கு நேரே வந்தபோது கச்சான் காற்று கரையிலிருந்து எழும்பியது. சூடான மணல் மணம் முதலில் வந்தது, பிறகு அடி. படகு ஒருபக்கம் சரிந்தது. பாயைச் சுருக்க நீ பாய்மரத்தடிக்கு ஓடினாய். இடப்பக்கத்தில் வெடி கேட்டது. நான் கையைத் தலையில் வைத்துக் குனிந்தேன். சுடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது பாய்மரம் உன் மேல் விழுந்திருந்தது. அது உன் தோளையும் கழுத்தையும் ஒன்றாக்கியிருந்தது. தகட்டோடு பிய்ந்த கம்பி சாட்டைபோல வீசி என் கன்னத்தைக் கிழித்தது. பாயும் மரமும் கடலுக்குள் தொங்கி, ஒவ்வொரு அலைக்கும் படகின் பக்கத்தில் வந்து இடித்தன. உன் சுத்தியலை எடுத்து மிச்சக் கம்பிகளின் ஆணிகளை அடித்து உடைத்தேன். பிழைக்கவேண்டும் என்பதற்காக அடித்தேனா, கோபத்தில் அடித்தேனா தெரியாது. விரல்கள் இரண்டு நசிந்தன. கடைசிக் கம்பி போனதும் பாய்மரம் கடலுக்குள் இழுபட்டுப் போனது. நீ தளத்தில் கிடந்தாய்.

உன் கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன். அங்கே எஞ்சின் இல்லை. அலையை நிறுத்த முடியாது. ஆனால் பத்துத் தரம், இருபது தரம் வைத்துப் பார்த்தேன். பின்னேரம் ஒரு மீன்பிடி வள்ளம் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை வைத்த விரலை எடுக்கவில்லை. அந்த ஒருமுறை மட்டும் நான் வடிவாகப் பார்த்தேன்.

விபத்து என்று விசாரணையில் எழுதினார்கள். உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் கோடாலியோடு வளவுக்குப் போனேன். உன் படகைக் கொத்தினேன். பைபர் துகள் பறந்து கன்னத்துக் காயத்தில் ஏறியது. கைப்பிடி பிளக்கும்வரை கொத்தினேன். மேல்தோல்தான் கிழிந்தது. ஓட்டை விழவில்லை. நீ நல்ல உடம்பாகத்தான் தேடி வாங்கியிருந்தாய்.

நானா அந்தக் கொத்துத் தடங்களையும் இன்று பார்த்தார். மாடு முட்டியதா என்று கேட்டார். சுற்றிவரத் தட்டி முடித்து, சந்தோசமாகச் சுத்தியலை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"ஓட்டை ஒண்டும் இல்ல டீச்சர். நல்ல சாமான். மேல் வேலையள நீங்க வடிவாப் பாத்தனீங்கதானே?"

ஓம் என்பது வாய்க்குள் தயாராக இருந்தது. அது ஒரு பழக்கம்.

"இல்லை நானா. நான் வடிவாப் பாக்கேல்லை."

அவர் சிரித்தார், தன்னடக்கம் என்று நினைத்திருப்பார். நான் ஏணியில் ஏறி அவரையும் ஏறச் சொன்னேன். வலப்பக்கத்துத் தகடு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதிலும் அதே கபிலக் கோடு, அதே மயிர்போன்ற வெடிப்பு. அவருடைய விரலைப் பிடித்து அதில் வைத்தேன். அந்நிய ஆணின் கையைத் தொட்டேன் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. மற்றப் பக்கத்தில இதேமாதிரித் தகடு உடைஞ்சதிலதான் என் சிநேகிதி போனவள், அண்டைக்கு நான் பாத்தனான் எண்டு பொய் சொன்னனான் என்றேன். அவர் நகத்தால் அந்தக் கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். தகடுகள் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடாமல் தண்ணீரில் இறக்கமாட்டேன் என்றார். வாக்குத் தா என்று நான் கேட்கவில்லை. வாக்கை நம்புகிறவள் இல்லை. கழற்றும் நாளில் நானும் வந்து நிற்பேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனபின் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து இதை எழுத உட்கார்ந்தேன். நசிந்த விரல்கள் இரண்டும் இன்னும் சரியாக மடங்குவதில்லை. உன் கணவரின் கழுத்தில் இருந்தவையும், தகட்டில் இருந்தவையும், உன்னில் இருந்தவையும் இவைதான். உனக்குச் சொல்லவேண்டியதை இன்று ஒரு நானாவிடம் சொல்லிவிட்டேன். பாதியைத்தான் சொன்னேன். மற்றப் பாதி உனக்குரியது. அன்று வள்ளத்தில், உன் கணவரை இறக்குவதற்கு முன் நீ கேட்டாயே, அதற்கும் பதில் இதுதான்.

இல்லையடி. நான் வடிவாப் பாக்கேல்லை.