கார்குழலிக்குப் பதில் ஒரு டைமர்

9 ஜூன் 2025, திங்கள்

நான் வாத்தியாராக இருந்தபோது, ஒலியின் வேகம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், ஓட்டப் பந்தயத்துல எல்லாருக்கும் ஒரே விசில்தானே? அப்புறம் எப்படி ஒருத்தி மட்டும் முன்னாடியே கிளம்புறா? அவளுக்கு மட்டும் முன்னாடியே கேட்டுடுச்சா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, விசிலுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு எவ்வளவு சீக்கிரம் கேட்கும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை என்று இன்று லாஸ்பேட்டையில், துப்பாக்கி சுடும் கிளப்பில் நிற்கும்போது தோன்றியது.

ஜூலையில் மூத்தோருக்கான மூன்று வினாடிப் போட்டி வைக்கிறார்கள். ஏர் பிஸ்டலைக் கையில் பிடித்துக் கையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். சத்தம் கேட்டதும் தூக்கி, குறிபார்த்து, மூன்று வினாடிக்குள் சுட வேண்டும். சத்தம் கொடுக்க ஒரு டைமர். உள்ளங்கை அளவு பெட்டி. பொத்தானை அழுத்தினால், எப்போது என்று தெரியாதபடி கொஞ்சம் காக்கவைத்து, திடீரென்று 'பீப்' அடிக்கும். பிறகு துப்பாக்கிச் சத்தத்தைத் தானே கேட்டு, எத்தனை குண்டு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும்.

ஒவ்வொரு முறையும் எனக்கு நேரம் தாண்டிவிட்டது.

கிளப் செயலாளர் பலராமன் விடுவாரா? "இன்னா சார், பீப் வந்தப்புறம் போயி ஒரு டீ சாப்ட்டுட்டு வந்து சுடுறீங்களா?"

வீட்டில் நான் ஒருநாளும் தாமதித்ததில்லை. எப்படி?

12 ஜூன், வியாழன்

வீட்டில் எனக்கு டைமர் என் மனைவி கார்குழலி. ஓய்வுபெற்ற வருடம் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தேன். மூலக்குளம் வீட்டுக் கூடத்தில் குண்டு போடாமல், வெறும் விசையை மட்டும் இழுத்துப் பயிற்சி. அவள் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, தன் இஷ்டத்துக்கு எப்போதாவது "ம்" என்பாள். நான் தூக்குவேன். "ஐயோ, நல்லா தூக்குறீங்களே" என்பாள். வேண்டுமென்றே நீண்ட நேரம் சும்மா இருந்து என் தோள் நடுங்குவதைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஜனவரியில் மகள் மதியின் பிரசவத்துக்காகப் பிரான்ஸில் துலூஸுக்குப் போனாள். மாப்பிள்ளை குடும்பம் அங்கேயே இரண்டு தலைமுறையாக இருக்கிறது. ஜூலையில் திரும்புவதாகப் பேச்சு. அவள் போனதிலிருந்து, நான் தூக்க வேண்டும் என்று நினைக்கும்போது தூக்குகிறேன். அது பயிற்சியே இல்லை. மாணவன் தானே கேள்வி எழுதித் தானே பதில் எழுதித் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது மாதிரி.

டைமர் வாங்க வேண்டும்.

19 ஜூன், வியாழன்

டைமர் தேடல் வாரம். முதலில் போனில் ஒரு செயலியை இறக்கிப் பார்த்தேன். இலவசம். பீப் சத்தம் வருவதற்குள் சிலிண்டர் கம்பெனியிலிருந்து ஒரு அழைப்பு வந்துவிட்டது. போன் போனாக மட்டும் இருக்கட்டும்.

பிறகு பலராமன் தன் பழைய கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "வெளிநாட்டுது சார், டிசிப்ளின்னா அது டிசிப்ளின்." பீப் அடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை. இடது பக்கம் வைத்தால் சுத்தமாக இல்லை. வலது பக்கம் வைத்தால் பக்கத்து வீட்டில் எங்கோ அடிப்பது போல.

வயதான காதில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சுருதி. கொசு காதருகே வந்தால் பேரனுக்குக் கேட்கிறது, தாத்தாவுக்குக் கடித்த பிறகுதான் தெரிகிறது. இதை முப்பது வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன், என் காதைப் பற்றித்தான் என்று தெரியாமல். ஆகவே விலையையும் பெயரையும் பார்க்காமல் ஒன்றே ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்போகிறேன்: தாழ்ந்த சுருதியில் ஒலி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா?

பெண்குரல் மாதிரி ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்காது.

27 ஜூன், வெள்ளி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

மத்தியானம் அடுக்களையில் மோர் டம்ளரோடு நின்றிருந்தேன். கார்குழலி கூப்பிட்டாள். எடுத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் மோர் என் சட்டை மேல். வலது கை தானாகத் தூக்கியிருந்தது!

மூச்சு. பேச ஆரம்பிக்கும் முன் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பாள். எப்போதும். "ம்" சொல்வதற்கு முன்னாலும் இழுத்திருப்பாள். இத்தனை வருடம் நான் கிளம்பியது "ம்"முக்கு இல்லை, அந்த மூச்சுக்கு. அதனால்தான் வீட்டில் மட்டும் வேகம். பெட்டி மூச்சு விடுமா?

சொன்னேன் அவளிடம். சிரித்தாள்.

"எனக்குத் தெரியுமே. நான் சொல்றதுக்குள்ளயே கை கிளம்பிடும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

வாத்தியார் நான்தான். தேர்வுக்கு முன்னாடியே வினாத்தாளைப் பார்த்துப் பார்த்து எழுதியவனும் நான்தான்.

5 ஜூலை, சனி

டைமர் வந்துவிட்டது. சாம்பல் நிறம். சுருதியைத் தாழ்த்தலாம், காக்கவைக்கும் நேரத்தைக் கூட்டலாம். காலையிலிருந்து அதோடுதான் இருந்தேன். மாலையில் ஒருமுறை மூன்று வினாடிக்குள் வந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட்டேன். போனை டைமர் பக்கம் நீட்டி பீப் சத்தத்தைக் கேட்க வைத்தேன். எவ்வளவு துல்லியம் பார், அலுத்துக்கொள்வதே இல்லை பார் என்று கடைக்காரன் மாதிரி பேசினேன். ஏன் அப்படிப் பேசினேன்.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள். "மதி வேலைக்குத் திரும்பணும். இன்னும் ஒரு வருஷம் இரும்மான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்க தனியா என்ன பண்ணுவீங்களோன்னுதான் பதிலே சொல்லாம இருந்தேன். இப்பதான் ஆளு வந்தாச்சே. இருக்கட்டுமா?"

"சரி" என்றேன்.

6 ஜூலை, ஞாயிறு

ஏன் சரின்னு சொன்னேன்? யாரு சொல்லச் சொன்னா? அவ கேட்டது அனுமதி இல்லடா — வேணாம்னு சொல்லுவானான்னு பாத்தா. மூணு வினாடி இருந்துச்சு. மூணு என்ன, முப்பது வினாடி கூட அவ காத்திருப்பா. பீப் அடிச்சுது, எனக்குக் கேக்கல.

பேரனுக்கு அம்மாச்சி வேண்டும். மதிக்கு அம்மா வேண்டும். இதெல்லாம் நியாயம். எனக்கு வேண்டும் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது? உடம்பு நன்றாக இருக்கிறது, சமைக்கத் தெரியும், காசுக்குக் கஷ்டமில்லை.

அவள் பின்னால் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது செய்தித்தாள் அடுக்கியிருக்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

போட்டி. எல்லாக் குண்டும் நேரத்துக்குள். நான்காவது இடம். பலராமன் தோளில் தட்டி, "டீயை வுட்டுட்டீங்க போல சார்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போதே "நாலாவது வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே. யாரிடம்?

23 ஜூலை, புதன்

கார்குழலி அங்கே தங்கும் விசாவை நீட்டிக்க விண்ணப்பம் வெள்ளிக்கிழமை கொடுக்கிறார்களாம். மதி செய்தி அனுப்பியிருக்கிறாள், தேவையான தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி.

அனுப்பவில்லை. கார்குழலியைக் கூப்பிட்டேன். பாடக் குறிப்பு மாதிரி மனதில் வரிசையாகக் காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். என் முழங்கால், மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, அவள் தங்கை வீட்டுக் கல்யாணம். அவள் அந்த மூச்சை இழுத்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. அவள் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"வந்துடு குழலி."

"என்னங்க ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாருக்கு."

"பின்ன எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா! பச்சப்புள்ளய வுட்டுட்டு, கடல் தாண்டி, சும்மா வரணுமா நானு?"

"ஆமா. சும்மா வா."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அவள் தட்டிக்கொடுக்கும் சத்தம்.

"மதிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "நீங்க பேசாதீங்க. சும்மான்னு சொன்னீங்கன்னா சிரிப்பா அவ."

2 ஆகஸ்ட், சனி

மதி பேசவில்லை. மூன்று நாளாக. கோபம் நியாயம்தான்.

11 ஆகஸ்ட், திங்கள்

மதி கூப்பிட்டாள். "அம்மா வரட்டும், ஆனா மூணு மாசம்தான்ப்பா. டிசம்பர்ல நீங்களே கூட்டிக்கிட்டு வந்து வுடணும். நீங்களும் இருக்கணும்." சரி என்றேன். இந்தச் சரியை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

காலையில் கூடத்தில் பயிற்சி. வெறும் விசைச் சத்தம் மிகச் சன்னமானது. அதுவும் பதிவாகட்டும் என்று டைமரின் உணர்திறனை உச்சத்தில் வைத்திருந்தேன். மூன்று முறை விசையை இழுத்தேன். திரையில் ஏழு குண்டு என்று காட்டியது. பெட்டி கெட்டுவிட்டதா? துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். எட்டு. ஒன்பது.

"குழலி, என்ன பண்றே?"

"தேங்கா உடைச்சிட்டிருக்கேன். ஏன், உங்க மிஷினுக்குத் தொந்தரவா?"

"இல்ல இல்ல. நீ பண்ணு."

உணர்திறனைக் குறைக்கவில்லை. பதினாலு வரை போயிற்று.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டைமர் வாங்குவது பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருந்தார் பலராமன். சுருதி, காக்கவைக்கும் நேரம், பேட்டரி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியாக இதை எழுதினேன்:

வாங்கிய முதல் நாள் சுட வேண்டாம். டைமரை முழு உணர்திறனில் கூடத்து மேசை மேல் வைத்து, வீட்டில் இருப்பவர்களை அவரவர் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அது எதையெல்லாம் எண்ணுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.