நீலத் தட்டு

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு இது முதல் பருவம். விண்ணப்பங்களை முதலில் படித்துப் பிரிப்பது என் வேலை. சுமாரானவை வெள்ளைத் தட்டில், நல்லவை பச்சையில், மதிப்பெண்ணில் உச்சாணிக்கொம்பில் நிற்பவை நீலத்தில். இன்று நீலம் நிரம்பி வழிந்தது. என்னவோ நானே பெற்று வளர்த்த பிள்ளைகள் போல ஒரு பெருமை.

வீட்டில் என் தங்கை வாண்டு தன் விண்ணப்பக் கட்டுரையைக் காட்டினாள். பள்ளி முடிக்கப் போகிறாள், இன்னும் எனக்கு வாண்டுதான். ஏன் எங்கள் கல்லூரி என்பதற்கு ஒரு பத்தி: மாலையில் வீடு திரும்ப முடிகிற கல்லூரி இது ஒன்றுதான், பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வலது கை எழும்பாது, தினமும் நான்தான் தலை பின்னிவிடுகிறேன்.

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

"ஏன்க்கா? அதுதானே நிஜம்?"

"பரிதாபம் தேடுற மாதிரி இருக்குடி. உன் மார்க்குக்குக் கெத்தா எழுது."

உதட்டைச் சுழித்துக்கொண்டே எழுதினாள். விண்மீன்களைப் பற்றி. நன்றாகவே இருந்தது.

மார்ச் 13, வியாழன்

நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் கனவுகள். கண்ணில் மணல் போட்டது போல இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

தேர்வுக் குழு கூடியது. சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அதுதான் விதி. எழும்போது கண்ணில் பட்டுவிட்டது. வாண்டின் கோப்பு நீலத் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலே!

வராந்தாவில் தண்ணீர் குடிக்கப் போனேன். குவளையைக் கீழே வைப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பேச்சுக்கே இடமில்லை போலும்.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. வாண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "பின்னல பாதியில விட்டுட்டியேடி கழுதை" என்று அம்மா சிரித்தாள்.

மார்ச் 24, திங்கள்

வாண்டுக்கு இடம் இல்லை.

தவறு நடந்திருக்கிறது என்று பக்கத்து மேசை அக்காவிடம் ஓடினேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்.

"நீலத்துல பாத்தேன்க்கா, என் கண்ணால!"

"நீலம்னா எடுக்கிறதுன்னா நெனச்சே? அடப் பாவமே. அது தள்ளுறதும்மா."

எனக்குப் புரியவே இல்லை. எதுக்கு?

"இத்தனை மார்க் வச்சிருக்கிறவ இதைவிடப் பெரிய எடத்துக்குத்தான் போவா. நாம கூப்பிட்டு அவ வேணாம்னுட்டா யாருக்கு அசிங்கம்? கூப்பிட்டா மறுக்காம வர்ற காலேஜுங்கிற பேரு போயிடுமே. அதான், அவ சொல்றதுக்கு முன்னால நாம சொல்லிடறது."

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே!"

"யார் யாரைக் கேக்கிறது? வருவேன்னு நம்புற மாதிரி காரணம் எழுதியிருந்தா பச்சைக்கு மாத்திடுவாங்க. உன் தங்கச்சி நட்சத்திரம், வானம்னு போயிட்டா. வீடு பக்கத்துலதான்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாது?"

 

மார்ச் 25, செவ்வாய்

நானே நீலத்தில் அள்ளிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக. பெருமையோடு! வாண்டு ஒருத்தி மட்டுமா?

அநியாயத்துக்கு ஒரு முகம் இருக்கும் — பேராசை, குரூரம், ஏதோ ஒன்று — என்று இத்தனை புத்தகம் படித்து நம்பியிருந்தேன். இங்கே யாருக்கும் யார்மேலும் கோபம்கூட இல்லை.

அடித்த பத்தியை எடுத்துக்கொண்டு குழுத் தலைவரிடம் போனேன். நிதானமாகப் படித்தார்.

"முன்னாடியே இதை எழுதியிருந்தா எடுத்திருப்போமே. இப்ப மாத்தினா, அக்கா உள்ள இருந்து வாங்கிக் குடுத்தான்னு பேசுவாங்க. எல்லாருக்கும் ஒரே நியாயம்தானேம்மா?"

நியாயம்! அந்த வார்த்தையை அவர் சிரிக்காமல் சொன்னார்.

மார்ச் 26, புதன்

வாண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ கொஞ்சம் மக்குப் பொண்ணா பொறந்திருக்கணுமாக்கா?" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நான் எழுதினதை ஏன் அடிச்சே?"



ஏப்ரல் 9, புதன்

தூரத்துக் கல்லூரி ஒன்று கூப்பிட்டிருக்கிறது. ரயிலில் ஒரு ராத்திரி. போகிறாள்.

ஜூன் 16, திங்கள்

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கூப்பிட்டவர்களில் அநேகமாக எல்லாரும் சேர்ந்துவிட்டார்களாம். கை தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே தலைவரிடம் சொன்னேன், இனி மாலையில் கூடும் தேர்வுக் குழுவுக்கு நான் வர முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று. காரணம் கேட்டார்.

"அம்மாவுக்குத் தலை பின்னணும் சார்."

விடுதியிலிருந்து வாண்டு பேசினாள். ஏன் இந்தக் கல்லூரி என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார்களாம். "சின்ன வயசுலேருந்து இதான் என் கனவுன்னு அடிச்சு விட்டேன்க்கா. எனக்கு முன்னாடி எழுந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க."

இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டேன். பின்னல் கோணிக்கொண்டு போயிற்று. அம்மா இடது கையால் தடவிப் பார்த்தாள்.

"ம்... அவ இன்னும் கொஞ்சம் இறுக்குவா."

அவிழ்த்து, மறுபடி ஆரம்பித்தேன்.