மணியாகத் தொங்கிய கவசம்

குமாசி, சனிக்கிழமை

என் லாமிசிக்கு,

நீயும் மகள் அசிபியும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

செவ்வாயன்று பட்டறையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. யாராவது பெரிதாக்கிச் சொன்னால் நம்பாதே. இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் சுற்றும் தகட்டை மூட ஓர் இரும்புக் கவசம் உண்டு. அதைக் கழற்றினால் சின்ன மெஷினில் பெரிய தகட்டைப் போடலாம், சீக்கிரம் தேயாது. அதனால் எங்கள் மாஸ்டர் ஒபிரி அதைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். திங்கள்தோறும் அதை மணியாகத் தட்டித்தான், எங்களைக் காக்கச் சொல்லி ஜெபம் செய்கிறார். த்தூ!

சின்ன மெஷினின் வேகம் தாங்காமல் பெரிய தகடு சுக்குநூறாகி, ஒரு துண்டு என் தாடையை லேசாக உரசிப் போய் எனக்குப் பின்னாலிருந்த மரத்தூணில் குத்தி நின்றது. ஓடி வந்த மாஸ்டர் முதலில் மெஷினைத்தான் தூக்கிப் பார்த்தார்.

“கடவுள் காப்பாத்திட்டார்டா! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வந்து சாட்சி சொல்லு.”

“சாட்சி இருக்கட்டும் மாஸ்டர். அந்த மணியக் கழட்டிக் குடுங்க.”

“அப்புறம் ஜெபத்துக்கு எதைத் தட்டுறது? உங்க வடக்கத்தி ஆளுங்களுக்கே பயம் ஜாஸ்திப்பா!”

எல்லாரும் சிரித்தார்கள். நானே அதை இறக்கி மெஷினில் மாட்டினேன். இனி அது இல்லாமல் தொட மாட்டேன்.

ஊர்க்காரர் யாராவது வந்தால் ஷியாக் கொட்டை வெண்ணெய் கொடுத்தனுப்பு. கை வெடிப்புக்குத்தான். அசிபியின் புதுப் படமும் ஒன்று வேண்டும்.

கடிதம் கொண்டுவரும் லாரி கிளம்பப்போகிறது, முடிக்கிறேன். இப்போது தாடி வளர்க்கிறேன். என்னைப் பார்த்துப் பயந்துவிடாமல் அசிபியிடம் முன்பே சொல்லி வை. நான் ஊருக்கு வந்ததும் நீயும் மழிக்கச் சொல்லாதே.

உன் அகோல்கோ