வரதன் மிதிக்காத பிரேக்

சேசு மரி சூசை துணை

பூந்தமல்லி,
1936 ஜூலை 19, ஞாயிறு.

ரங்கூனில் இருக்கும் என் மகன் அருள்தாசுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று உன் கடிதத்தில் கண்டேன், ஆண்டவருக்குத் தோத்திரம். இங்கே நானும் உன் தங்கை செலினும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. செலினுக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள், தினமும் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறாள். ரொட்டி அடுப்பின் உள்சுவரில் இரண்டு செங்கல் பெயர்ந்துவிட்டது, களிமண் பூசி ஒப்பேற்றியிருக்கிறோம். நீ அனுப்பிய பர்மாக் குடை வந்து சேர்ந்தது, நான் இன்னும் விரிக்கவில்லை.

போன மாதம் எழுதிய கடிதத்தில், நம் ரொட்டி வேன் அம்பத்தூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கிவிட்டது, புது டிரைவர் மணவாளனுக்கு அடி என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். அதற்கு இந்த வாரம் உன் பதில் வந்தது. டிரைவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் அம்மா, வரதன் போய் மணவாளன் வந்தான், இரண்டு பேருக்கும் பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம், இவனையும் மாற்றிவிடு என்று எழுதியிருக்கிறாய். அதை நான் மூன்று தரம் படித்தேன். செலின் வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் எழுந்து போகாமல் கடைசி வரைக்கும் படி.

கிறிஸ்துமசுக்கு நீ வந்திருந்தபோது, பண்டிகைக்கு மறுநாள் வேன் காலியாக நின்றது. நீ கொண்டுவந்த புது பிரேக் லைனிங் பட்டைகளை நாலு சக்கரத்துக்கும் நீயே பொருத்தினாய். பெடல் ரொம்பக் கீழே போகிறது, தொட்டவுடனே பிடிக்க வேண்டாமா என்று சொல்லி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரேக் கம்பிகளையும் முறுக்கிக் குட்டையாக்கினாய். நானும் அக்கம்பக்கத்தாரும் நின்று பார்த்தோம். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அப்பா இருந்து பார்க்கவில்லையே என்று உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன். வரதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு உன்னிடம் என்னமோ சொன்னான், நீ சிரித்தாய். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை.

நீ கப்பல் ஏறிப் பதினைந்து நாளைக்குள் வரதன் என் எதிரே வந்து நின்றான். காலையில் ரொட்டியோடு போகும்போது வண்டி நன்றாகப் போகிறது, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ரொட்டியை இறக்கிவிட்டு மைதா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினால்தான் நகர மாட்டேன் என்கிறது, சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு, கருகல் நாற்றம் என்றான். "நான் மிதிக்கவே இல்லீங்கம்மா, அது தானா புடிச்சிகினு கீது, சின்னய்யா கம்பிய முறுக்கினதுலேர்ந்துதான் இப்படி" என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை நாற்பது மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி, நீ ஓட்டுகிறவன், உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் உழைக்க வேண்டிய லைனிங், பிப்ரவரிக் கடைசியில் சாம்பல் புதன் வருவதற்குள் ஆணி தெரியத் தேய்ந்துவிட்டது. நம் பக்கத்தில் அயனம்பாக்கம் ஏரிக்கரையை விட்டால் ஏறி இறங்க ஒரு மேடு உண்டா, பிறகு எப்படித் தேயும் என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் உனக்கு எழுதினேன். வரதன் கம்பியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதினேன். கம்பியில் ஒன்றும் இல்லை, காலைப் பெடலில் ஊன்றிக்கொண்டு ஓட்டிவிட்டுத் தன் தப்பை மறைக்கக் கதை கட்டுகிறான், அவனை வைத்துக்கொண்டால் வண்டியையே தின்றுவிடுவான் என்று நீ பதில் போட்டாய். அந்தக் கடிதத்தை நான் கடை வாசலில் நின்று, ரொட்டி வாங்க வந்த பத்துப் பேர் கேட்க, அவனுக்குப் படித்துக் காட்டினேன். பதினோரு வருஷம் அப்பாவோடு இருந்தவன். கல்லறைக்கு அப்பாவைத் தூக்கிப் போனவர்களில் ஒருவன். சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தபசு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே வேளை சாப்பிட்டு ஒருசந்தி இருந்துகொண்டே ஒருத்தன் வாயில் மண்ணைப் போட்டேன்.

பிறகு வந்தவன்தான் மணவாளன், வெள்ளானூர்க்காரன், நிதானமான பிள்ளை. திரும்பவும் புது லைனிங் போட்டோம். மே மாதம் அதே கருகல் நாற்றம் வந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? இவனும் அவனைப் போலத்தான் என்று நினைத்து, காலை எடுத்து ஓட்டடா என்று இரண்டு நாள் திட்டினேன். ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்து மணி இருக்கும், மூட்டைகளோடு திரும்பி வரும்போது அம்பத்தூரில் ரயில் வருகிறதென்று கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு முன்னால் தலையில் கீரைக் கூடையோடு ஒரு பொம்பளை நின்றிருந்தாள். மணவாளன் மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. நேரே விட்டிருந்தால் அவளையும் அடித்து, கேட்டையும் உடைத்துக்கொண்டு தண்டவாளத்தில் போயிருக்கும். அவன் ஸ்டீரிங்கை ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினான். வண்டி சாய்ந்தது, மூட்டைகள் முன்னால் சரிந்து அவன் மேல் விழுந்தன. தகவல் வந்து நான் ஜட்கா பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவனை மரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். உச்சந்தலை முதல் பாதம் வரை மாவு, நெற்றியில் மட்டும் ரத்தம். தோள் எலும்பு முறிந்து இடது கை தொங்கியது. என்னைக் கண்டதும் அவன் முதலில் சொன்னது என்ன தெரியுமா, "நான் மிதிச்சேம்மா, மெய்யாலுமே மிதிச்சேன்" என்பதுதான். வலியைவிட என் வாய்க்கு அதிகம் பயந்தான் அந்தப் பிள்ளை.

மாடு கட்டி வண்டியை அம்பத்தூரில் பரந்தாமனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனோம். அவன் ஆணி வரைக்கும் தேய்ந்திருந்த லைனிங்கை எடுத்துவிட்டு வேறு போட்டு, பின்பக்கத்து அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, என்னை அருகே கூப்பிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான். ராட்டினம் மாதிரி சுற்றியது. பிறகு மிச்சமிருந்த மூட்டைகளை ஏற்றி, தன் ஆட்கள் நாலு பேரையும் உள்ளே உட்காரச் சொன்னான். சக்கரத்தைச் சுற்றினான், நகரவில்லை. என்னைச் சுற்றச் சொன்னான், நானும் இரண்டு கையாலும் பார்த்தேன். "சுமை ஏறுனா ஸ்பிரிங் அமுங்குது, ஸ்பிரிங் அமுங்குனா கம்பி இழுக்குது, கம்பி இழுத்தா பிரேக் புடிச்சிக்கும். யாரோ கம்பிய குட்டையாக்கி வுட்டுட்டாங்கம்மா. ஓட்டினவன் மேல தப்பே இல்ல. கடைசியா யாரு கை வெச்சது?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன் அருள். ஐம்பத்திரண்டு வயதில், கழுத்தில் செபமாலையோடு நின்றுகொண்டு, உனக்காகப் பொய் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வாரம் தூங்காமல் கிடந்துவிட்டு வரதனைப் பார்க்கக் கோவில்பதாகைக்குப் போனேன். நம் கடை வாசலில் நடந்தது எல்லா இடத்துக்கும் பரவி, பிரேக் தின்னி வரதன் என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டிருக்கிறார்கள். எங்கே போய்க் கேட்டாலும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. மூன்று மாதமாய் ஏரியில் மண் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி கெங்கம்மாள் என்னைப் பார்த்ததும் உட்கார் என்று சொல்லவில்லை. "இன்னாத்துக்கும்மா வந்தீங்க, இன்னும் எதுனா கடுதாசி வந்துகீதா படிச்சிக் காட்ட?" என்று கேட்டாள். வரதன் வந்து அவளை அதட்டிவிட்டுப் பாயைப் போட்டான். பரந்தாமன் காட்டியதை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கே சின்னய்யா கையில சொன்னேம்மா, காலி வண்டில கம்பிய முறுக்காதீங்க, மூட்டை ஏறுச்சின்னா புடிச்சிக்கும்னு. அவரு சிரிச்சிகினே, நீ ஓட்டுறதோட நிறுத்திக்கோன்னாரு" என்றான். மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வந்துவிடு என்று கையைப் பிடித்தேன். அவன் கையை விடுவித்துக்கொண்டான். "உங்க ஊட்டு சோறு தின்ன உடம்பும்மா, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வரமாட்டேன். வண்டில குந்திகினு இருந்தவன் நான். நீங்க கடலுக்கு அந்தாண்ட இருந்தவர கேட்டீங்க" என்றான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். வரதன் உன்னை எச்சரித்தது, அவன் கதை கட்டுகிறான் என்று எழுதின நேரத்தில் உன் நினைவில் இருந்ததா இல்லையா? மறந்துவிட்டேன் என்றால் அது ஒரு விதம். நினைவிருந்தும் எழுதினாய் என்றால் அதை எனக்குச் சொல்லாதே, எனக்குத் தாங்காது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சாமியார், கடை வாசலில் செய்ததைக் கடை வாசலிலேயே போய்ச் சரிசெய்யுங்கள் என்றார். அதற்கடுத்த ஞாயிறே பூசை முடிந்து ரொட்டிக்கு ஆட்கள் நிற்கும்போது, வரதன் மேல் குற்றமில்லை, கம்பியை முறுக்கியது என் மகன், அவன் பேச்சைக் கேட்டது நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பெற்ற பிள்ளையை நீயே தெருவில் இழுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பரந்தாமனிடமும் போய் என் பொய்யைச் சொன்னேன். அவன் கெட்டிக்காரன், சிரிக்கவில்லை. தன் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஒரு செங்கல் லாரிக்கு வரதனை டிரைவராகச் சேர்த்துவிட்டான். இந்த மாதம் முதல் வாரத்திலிருந்து வரதன் அந்த லாரியில், தினமும் நம் கடையைத் தாண்டித்தான் போகிறான். வேகத்தைக் குறைப்பதுமில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை.

மணவாளனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. கடையிலேயே உட்கார வைத்திருக்கிறேன், அவன் இருக்கும்வரை அவனுக்கு இங்கே வேலை உண்டு. அவனுக்கும் ஒரு கடிதம் போடு. முதலில் வரதனுக்குப் போடு. எனக்கு எழுதும் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே, நேரே கோவில்பதாகை, ஆவடி தபால் என்று போட்டால் சேரும். சூழ்நிலை அப்படி, சுமை இப்படி என்று நீட்டாதே. நான் முறுக்கினேன், நீ சொன்னாய், நான் கேட்கவில்லை, இவ்வளவுதான் எழுத வேண்டும். டிசம்பரில் லீவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். கப்பலிலிருந்து இறங்கி நேரே இங்கே வராதே. ரயிலேறி ஆவடியில் இறங்கி, அவன் வாசலில் போய் நில். அவன் உள்ளே கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி, நின்றுவிட்டு வா. அதற்குப் பிறகு உனக்கு நான் இலை போடுகிறேன்.

அங்கே மழைக்காலம், ஈரத் துணியோடு இருக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். ஆசீர்வாதம் தருவதற்குப் பெற்றவளுக்குக் காரணம் வேண்டாம், அதனால் தருகிறேன். செலினை இரண்டு வரி எழுதச் சொன்னேன், அண்ணன் வரதனுக்கு எழுதியது தெரிந்த பிறகு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

உன்னைப் பெற்ற,
சகாயம்மாள்