நான் உட்காராத ஸ்டூல்

ரத்தம் எடுத்த இடத்தில் அழுத்திக்கொள்ளச் சொல்லி லேபில் ஒரு பஞ்சைக் கொடுத்தார்கள். அதிலிருந்து எழுந்த ஸ்பிரிட் வாசனையில் உன் ஆஸ்பத்திரி வார்டு அப்படியே கண்முன் வந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், முழங்கையை மடக்கியபடியே உன்னிடம் பேசத் தொடங்கினேன்.

இந்த வயதுக்கு இவ்வளவு ரத்த அழுத்தம் கூடாது என்கிறார் டாக்டர். வாரப் பத்திகள் இரண்டையும் நிறுத்துவதாகப் பத்திரிகைகளுக்கு எழுதிவிட்டேன். மாதம் ஒரு புத்தக மதிப்புரை மட்டும் மிச்சம். இனி உடம்பும் நாவலும்தான். நீ எத்தனையோ முறை சொன்னதை, என் உடம்புக்கு என்று வந்ததும் ஒரே காலையில் செய்து முடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

நாம் இருவரும் கல்லூரிக்குப் போன பஸ்ஸில்தான் அந்த நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்தாய். பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்பாய்.

"ஏன் புள்ள, அந்தப் பொம்பளைய ஆத்தோரமா நிக்க வெச்சிட்டு வந்தியே, மூணு வருசமா நிக்கிறாளே, கால் வலிக்காதா அவளுக்கு?"

"வாராவாரம் பத்தி இருக்குடி."

"ஒரு வாரம் வரலைன்னா கலெக்டர் ஆபீஸ் முன்னாடி மறியலா பண்ணப் போறாங்க?"

நீ தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள் வந்தேன். இருபது நிமிடம் நின்றேன். பச்சை இரும்பு ஸ்டூல், ஜன்னல் கம்பியில் காய்ந்த உன் துண்டு, பக்கத்துப் படுக்கை அக்காவின் பிளாஸ்க், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். அந்த அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "வியாழக்கெழம வாடி. ஸ்கேன் எடுக்கறாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது" என்றாய். தலையாட்டினேன்.

வியாழக்கிழமை பத்தி அனுப்பும் நாள். எழுத எதுவும் கிடைக்காமல் உன்னையே எழுதினேன். தினமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக. ஸ்கேன் அறைக்கு உன் சக்கர நாற்காலியைத் தள்ளிப்போனதாக. நீ உன் அம்மாவோடு போயிருந்த அந்த நேரத்தில், நான் வீட்டில் ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேறெந்தப் பத்திக்கும் அவ்வளவு கடிதங்கள் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். திட்டுவாய் என்று பயந்துகொண்டே எடுத்தேன். சிரித்தாய்.

"நீ எழுதுனத பக்கத்து பெட்டு அக்கா வார்டு பூரா படிச்சுக் காட்டுனாங்க. 'எங்க கண்ணு, அந்தப் புள்ளய ஒரு நாளும் கண்ணுல காணலியே'ன்னு கேட்டாங்க."

"நீ என்னடி சொன்ன?"

"நீங்க தூங்கறப்பதாங்க்கா வர்றா, இப்பத்தான் டீ வாங்கப் போனான்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஒரு நாளு நெசமாவே வந்துடு."

அடுத்த வாரமும் ஒரு பத்தி இருந்தது. அதை அனுப்பிவிட்டு வந்தபோது உன் கட்டிலில் விரிப்பு இல்லை. பக்கத்துப் படுக்கை அக்காதான் சொன்னார். "விடியக்காலம் போயிருச்சு கண்ணு. வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீ வாங்கப் போற புள்ள நீதானா?"

"ஆமாங்க" என்றேன். அந்த இடத்தில்கூட உண்மை வரவில்லை.

இப்போது நிறுத்துகிறேன் என்றதும் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கடைசியாக ஒரு பத்தி கேட்டார். "அந்தத் தோழியப் பத்தியே எழுதுங்களேன், வாசகர்கள் இன்னும் மறக்கல." எழுதினேன். அந்த ஸ்டூலில் நான் உட்காரவில்லை, ஸ்கேனுக்கு வரவில்லை, நீ கூப்பிட்டும் வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"இது அவசியமாங்க? யாரு கேக்கப் போறாங்க?"

"போட்டுடுங்க சார்."

அந்தப் பத்தி அடுத்த வாரம் வருகிறது. டீ வாங்கப் போனதாக நீ சொன்னதை மட்டும் அதில் எழுதவில்லை. எழுதினால் அதுவும் ஒரு நல்ல பத்தியாகிவிடும் என்று பயமாக இருந்தது. எனக்காக நீ சொன்ன பொய் அது. என்னிடமே இருக்கட்டும்.